எடைச் சீட்டு மடிப்பு

ஆயம்மாளைப் பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார வைத்தவர் சோலைமட்டம் எஸ்டேட்டில் யாரும் கிடையாது. பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் தானும் காலை அழுத்துவாள். கோத்தகிரி வந்து சேர்வதற்குள் பஸ்ஸை அவளே ஓட்டி வந்த களைப்பு முகத்தில் இருக்கும். குரலும் அப்படித்தான். முப்பது வருஷம் மலைச்சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்தவள், பக்கத்தில் இருப்பவரிடமும் எதிர்ச்சரிவில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரியே பேசுவாள். அவளைப் போலப் பேசிக் காட்டுவது சுலபம். கழுத்தை முன்னால் நீட்டி, "ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்களா" என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், குழாயடியில் நிற்கிற குடமெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

அந்தத் தண்ணீர்தான் அவளைத் தேர்தலில் நிற்க வைத்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மேல் லைனில், குழாயில் வாரத்தில் பாதி நாள் காற்றுதான் வரும். பஞ்சாயத்து ஆபீசில் கேட்டால், "உங்க வார்டு மெம்பர்கிட்டச் சொல்லுங்க" என்பார்கள். மெம்பர் சபாபதி. எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆகி, லைனுக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் குரல் அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி போகிற மாதிரி இருக்கும். காதைக் கொடுத்தால்தான் கேட்கும், கேட்டதும் கொஞ்சம் பயம் வரும். "பாக்கலாமுங்க, பாக்கலாமுங்க" என்றே அவருடைய ஐந்து வருஷமும் ஓடியது. 2006 உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது ஆயம்மாள் சீப்புச் சின்னத்தில் நின்றாள். சபாபதிக்குப் பூட்டு சாவி. வேறு ஆள் இல்லை.

சபாபதி வீடு வீடாக வந்து கும்பிட்டார். "உங்க ஓட்டு உங்க இஷ்டமுங்க. யாருக்குப் போட்டாலும் எனக்குத் தெரிஞ்சு போயிருமுங்க. அதனால ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க." மழையில் ரோடு சரிந்துவிட்டால் அரிசிக்கு அவர் கடை ஒன்றுதான். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று கேட்டதும் பாதிப் பேர் உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார்கள்.

ஆயம்மாள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள்.

கொழுந்தை எடை போட்டதும் எங்கள் எஸ்டேட்டில் கையில் ஒரு சீட்டு தருவார்கள், இத்தனை கிலோ என்று. அதை வாங்கிய நொடியே குறுக்கே ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு, கட்டை விரலால் ஒரு அழுத்து, இடுப்பில் செருகல். பனியில் நனையாமல் இருக்கத்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் பக்கத்துச் செடி நிரைக்காரி பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கூடப் பறித்தவளுக்குக் கண்ணு பட்டுவிடும், குறையப் பறித்தவளைக் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள். ஆகவே அம்மா மகளுக்குக் காட்டமாட்டாள், மகள் அம்மாவுக்குக் காட்டமாட்டாள். பறிக்க வந்த புதுப்பெண்கள் கொழுந்து கிள்ளக் கற்பதற்கு முன்னால் சீட்டு மடிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

ஆயம்மாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கத்தாத குறையாகச் சொன்னாள். "முத்திரையக் குத்துங்க. எடைச் சீட்டு மாதிரி மடிங்க. நல்லா அழுத்தி மடிங்க. பொட்டிக்குள்ள போட்டுட்டு வந்துட்டே இருங்க. அந்தாளு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் தெரியாது."

அவளுடைய நாத்தனார் ராக்கம்மா அடுத்த வீடு. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் பறிப்பார்கள். ராக்கம்மாவுக்கு எதையும் விளையாட்டாகச் சொல்லாவிட்டால் வாய் நமநமக்கும். "எனக்கு ரெண்டு பேரும் வேணும் மதினி. அவரு அரிசி தர்றாரு, நீ எங்கண்ணனுக்கு ஆக்கிப் போடுற. ரெண்டுலயும் ஒவ்வொரு குத்து குத்திர்றேன்" என்றாள். வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆயம்மாளும் சிரித்தாள்.

தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடி அதிகாரி சீட்டை நெடுக்கில் மடித்துக் காட்டித்தான் கொடுத்தார். எல்லாரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். மறைப்புக்குள் போனதும் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு ஏஜென்டாகப் போனவன் ஆயம்மாளின் புருஷன் மாரிச்சாமி. எந்த விஷயத்தையும் அதன் வாலைப் பிடித்துத்தான் சொல்ல ஆரம்பிப்பான்.

"டீ நல்லாருந்துச்சு" என்றான் வந்ததும்.

"ஏனுங்க, எண்ணி முடிச்சுட்டாங்களா?"

"முடிச்சாங்க. மழைங்கறதுனால பஸ்ஸுதான் லேட்டு."

"நான் பஸ்ஸக் கேக்கல."

மாரிச்சாமி துண்டை உதறிக் கொடியில் போட்டான். "ஏழு ஓட்டுல போயிருச்சு. பதினோரு சீட்டு செல்லாதுன்னுட்டாங்க. சீப்புலயும் குத்தியிருந்துச்சு, பூட்டுலயும் குத்தியிருந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"கம்பி வலைக்கு அந்தாண்ட தூக்கிக் காட்டுனாங்க. ரெண்டு முத்திரை தெரிஞ்சுது. சரிதானேன்னு கேட்டாங்க. அவிங்க ஆளு தலையாட்டுனான். நானும் ஆட்டுனேன்."

"உங்கள ஆட்டறதுக்கா அனுப்புனேன்?"

ஏழு ஓட்டில் தோற்றதை அவள் தாங்கியிருப்பாள். அந்தப் பதினொன்றுதான் உள்ளே போய்க் குடைந்தது. தண்ணிக்காகத் தன்னோடு நின்று கத்தியவர்களில் பதினோரு பேர் இரண்டு பக்கமும் குத்தி இரண்டு பேரையும் சமாளித்திருக்கிறார்கள். யார் அந்தப் பதினோரு பேர்? குழாயடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றது. யாராவது சபாபதி கடையிலிருந்து பையோடு ஏறி வந்தால், பேச்சு நின்று, அவர்கள் போனதும் மறுபடி தொடங்கும். ஆயம்மாள் சாப்பிட உட்காருவாள், நாலு வாய் தின்பாள், எழுந்து வெளியே போய் லைனை ஒரு நடை நடந்துவிட்டு வந்து மீதியைத் தின்பாள்.

எல்லாரையும் விட ராக்கம்மாதான் அவள் கண்ணில் உறுத்தினாள்.

"நான் குத்தியிருப்பேன்னு நெனைக்கிறியா மதினி?" என்று ராக்கம்மா நேராகவே கேட்டாள்.

"நீதான வாசல்ல நின்னு சொன்ன."

"கேலிக்குச் சொன்னேன்."

"கேலிக்குக் குத்தியிருப்ப."

மறுநாள் ஆயம்மாள் சூப்பர்வைசரிடம் சொல்லி நிரையை மாற்றிக்கொண்டாள். ராக்கம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒன்றாகப் பறித்தவர்கள், சரிவின் மேல்முனையிலும் கீழ்முனையிலுமாக ஆனார்கள். பொண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் மாரிச்சாமி டீக்கடையே கதி என்று இருந்தான்.

"அந்தச் சீட்டுகள ஒருவாட்டி என் கண்ணால பாத்துட்டா நிம்மதியாயிரும்" என்று புறப்பட்டாள் ஆயம்மாள். லீவு போட்டாள், பஸ் ஏறினாள், வழியெல்லாம் பிரேக் அழுத்திக்கொண்டே தேர்தல் வேலை பார்த்த ஆபீசுக்குப் போனாள். அங்கே நெல்சன் என்று ஒரு கிளார்க். நல்ல மனிதர். வருஷம் முழுவதும் ஜலதோஷம். மூக்கால் பேசுவதால் அவர் எதைச் சொன்னாலும் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கும்.

"அதெல்லாம் பாக்க முடியாதும்மா. சீல் வச்சுப் பத்திர ரூமுக்குப் போயாச்சு."

"எங்க ஆளுங்க போட்டதுதானுங்க சார். பாத்துட்டு அப்பிடியே குடுத்தர்றேன்."

"பெட்டிக்குள்ள விழுந்த பொறவு அது உங்க ஆளுங்களது இல்லம்மா."

"பின்ன யாருதுங்க?"

நெல்சன் யோசித்தார். தும்மினார். "கோர்ட்டு சொன்னாத் தொறப்பாங்க. இல்லேன்னா வெச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சதும் அழிச்சிருவாங்க."

"அழிச்சிருவீங்களா?"

"நான் இல்லம்மா. சட்டம்."

அழிக்கப் போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தகவல் கேட்கும் சட்டம் புதிதாக வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, எழுதிப் போட்டாள். வாக்கின் ரகசியம் காக்கப்பட வேண்டியிருப்பதால் தர இயலாது என்று பதில் வந்தது. படித்துக் காட்டியவரை அவள் முறைத்தாள். "ரகசியமா மடிச்சுப் போடுங்கன்னு சொல்லிக் குடுத்ததே நான். எனக்கே ரகசியமா?"

உப்பு வாங்கப் போன இடத்தில் சபாபதி எலிக்குரலில் விசாரித்தார். "இன்னும் அலையறீங்களாமே. ஓட்டு என்ன மாப்பிள்ளைங்களா, திருப்பித் திருப்பிப் பாக்கறதுக்கு?"

"பொண்ணு குடுத்தவ பாக்கணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உப்பை மறந்துவிட்டு வந்தாள்.

கடைசியில் ஊட்டியில் ஒரு வக்கீலைப் பிடித்தாள். பெயர் பிலோமி. சின்ன வயசு. வர்க்கி சுடுகிற பேக்கரிக்கு மேல்மாடியில் ஆபீஸ். கட்சிக்காரர்கள் எல்லாரும் பசியோடுதான் வழக்கைச் சொல்வார்கள். பிலோமி பேசுவது மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற பஸ் மாதிரி. ஒரே ஓட்டம், திருப்பத்தில் மட்டும் ஒரு ஹாரன்.

"சந்தேகமா இருக்கு, பொட்டியத் தொறங்கன்னு கேட்டா கோர்ட்டு தொறக்காதுங்கம்மா, அப்பிடித் தொறந்தா தோத்தவங்க எல்லாரும் வருவாங்க, ஓட்டுப் போட்டவங்களுக்கு அப்புறம் பயம் வந்துரும், அதனால என்ன தப்பு நடந்துச்சுன்னு நீங்க குறிப்பா சொல்லணும். சொல்லுங்க. என்ன தப்பு?"

"பதினோரு பேரு என்ன ஏமாத்திட்டாங்க."

"அது தப்பு இல்ல. அது அவங்க இஷ்டம்."

ஆயம்மாளுக்கு நாற்காலி சுட்டது. எழுந்தாள், உட்கார்ந்தாள். கையில் இருந்த பஸ் டிக்கெட்டைக் குறுக்கே மடித்தாள், மறுபடி மடித்தாள், கட்டை விரலால் அழுத்தி இடுப்பில் செருகினாள். உடனே எடுத்துப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

பிலோமியின் பஸ் நின்றுவிட்டது. "என்னங்கம்மா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"எப்பவும் இப்பிடித்தான் மடிப்பீங்களா?"

"எடைச் சீட்டு மடிக்கறதுதான். எங்க லைன்ல எல்லாரும் இப்பிடித்தான். ஓட்டுச் சீட்டும் இப்பிடித்தான் மடிக்கச் சொன்னேன், சபாபதி பாத்துறக் கூடாதுன்னு."

பிலோமி ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்தாள். மேல்பாதியில் சீப்பு என்று எழுதினாள், கீழ்ப்பாதியில் பூட்டு என்று எழுதினாள். மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிச் சீப்பின் மேல் குத்தி, "மடிங்க" என்று நீட்டினாள். ஆயம்மாள் மடித்து அழுத்தினாள். "பிரிங்க." பிரித்தாள்.

பூட்டின் மேலும் ஒரு முத்திரை விழுந்திருந்தது.

ஆயம்மாள் தாளைப் பார்த்தாள். தன் கட்டை விரலைப் பார்த்தாள். இந்த முறை எழுந்திருக்கவில்லை.

"இதுக்காகத்தான் நெடுக்குல மடிச்சுக் குடுக்கறாங்க" என்று பிலோமி இப்போது மெதுவாகச் சொன்னாள். "ஓட்டு முத்திரை பாத்திருக்கீங்கல்ல? நாலு பக்கமும் அம்பு மாதிரி வளைஞ்சிருக்கும். குத்துனா அம்பெல்லாம் ஒரு பக்கமாச் சுத்தும். மடிச்சதுல ஒட்டுனா எதிர்ப்பக்கம் சுத்தும், கண்ணாடில பாக்கற மாதிரி. அந்தச் சீட்டு செல்லும். எண்ணியிருக்கணும்."

"அப்ப யாரும் ரெண்டுலயும் குத்தலியா?"

"அது தெரியாதுங்கம்மா. நெசமாவே ரெண்டு வாட்டி குத்தியிருந்தா ரெண்டும் ஒரே பக்கம் சுத்தும். பாத்தாத்தான் தெரியும். இப்ப கேக்கறதுக்கு ஒரு காரணம் கெடைச்சிருக்கு."

வழக்குப் போட்டார்கள். சீட்டுகளை அழிக்க முடியாது என்று ஆனது. ஆனால் ஆயம்மாளின் பாடு முன்பைவிட மோசம். முன்பு பதினோரு பேர் மேல் கோபம் இருந்தது. கோபம் இருந்தால் ஒரு பிடிமானம். இப்போது, தப்பு அவர்களுடையதா, தன் மடிப்பினுடையதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தாள். லைனில் விஷயத்தைச் சொன்னாள். பாதிப் பேர், "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்கள். ராக்கம்மாவிடம் சொல்லலாம் என்று அவள் வீட்டு வாசல்வரை போய், திரும்பி, மறுபடி போய், கதவில் கை வைக்காமலே வந்துவிட்டாள். மடிப்புதான் என்று தெரிந்தால் சொல்லலாம். இல்லையென்றால்?

வாய்தா மேல் வாய்தா. வெயில் போய் அடுத்த மழையும் வந்த பிறகுதான் நீதிபதி செல்லாத சீட்டுக் கட்டைப் பிரிக்க உத்தரவிட்டார். அன்றைக்கு மேல் லைனில் பாதி லீவு. ஊட்டி பஸ்ஸில் ஆயம்மாள் முன் சீட்டில் பிரேக் அழுத்திக்கொண்டு வந்தாள். பின் சீட்டில், யாரோடும் பேசாமல், ராக்கம்மாவும் வந்தாள்.

கோர்ட்டு வராந்தாவில் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். மேஜைக்குப் பக்கத்தில் வழக்காடுகிறவர்களும் வக்கீல்களும் மட்டும்தான் போகலாமாம்.

"நாங்க போட்ட ஓட்டுதான? நாங்க பாக்கக் கூடாதா?" என்றாள் மூக்கம்மா. லைனிலேயே மூத்த ஆள், யாருக்கும் பயப்பட மாட்டாள்.

"யாரு போட்டதுன்னு அதுல எழுதியிருக்காது பாட்டி. அதனாலதான் அது ஓட்டு" என்று சொல்லிவிட்டு பிலோமி உள்ளே ஓடினாள்.

அரக்கை உடைத்தார்கள். பதினோரு சீட்டையும் வரிசையாகப் பரப்பினார்கள். "தொடாமப் பாருங்கம்மா" என்றார் நீதிபதி. சத்தம் போடாத குரல், ஆனால் மின்விசிறிகூட அடங்கி ஓடுகிற மாதிரி இருந்தது. ஆயம்மாள் கைகளைப் பின்னால் கட்டி, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது முத்திரை இல்லை, மடிப்பு. பதினொன்றிலும் குறுக்கே, அழுத்தி, கட்டை விரல் தேய்த்த கோடு. தன் கையாலேயே மடித்ததுபோல இருந்தது. அப்புறம் முத்திரைகளைப் பார்த்தாள். சீப்பில் அழுத்தமாக ஒன்று, பூட்டில் மங்கலாக ஒன்று. மங்கல் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றியது. யாரும் இரண்டு முறை குத்தவில்லை. ஒருத்தர்கூட இல்லை.

மூச்சு விட்டாள். அப்போதுதான் மூன்றாவது சீட்டு கண்ணில் தட்டுப்பட்டது. அதில் அழுத்தமான முத்திரை பூட்டில் இருந்தது. சீப்பில் இருந்ததுதான் மங்கல். இன்னும் இரண்டு சீட்டு அப்படி.

எட்டு அவளுக்கு, மூன்று சபாபதிக்கு. ஏழு ஓட்டு வித்தியாசம் இரண்டாகக் குறைந்தது. சபாபதி ஜெயித்தது ஜெயித்ததுதான்.

வராந்தாவில் சபாபதி அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஜெயித்தவர் முகமாக இல்லை. தன்னைக் கண்டால் கும்பிடுகிற அத்தனை பேரில், ஆயம்மாள் சொன்னபடி மடித்தும் தனக்குக் குத்திய இந்த மூன்று யார் என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தார் போல. "ஏனுங்க ஆயம்மா, அந்த மூணு பேரு யாருன்னு உங்களுக்கு எதாச்சும் தெரியுமுங்களா?"

"யாரு போட்டாலும் உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சு தொடங்கிவிட்டது. பதினொன்று போய் மூன்று வந்தது. "மூணு பேருன்னா ஒரே குடும்பமா இருக்கும்." "கீழ் வரிசைதான், சந்தேகமே வேண்டாம்." "அரிசிக்காரிக யாரு யாருன்னு எண்ணிப் பாரு." தலைகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திரும்பின. ராக்கம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயம்மாள் எதிர்மலைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்: "விடுங்கடி. மூணு பேரும் நான் சொன்ன மாதிரித்தான் மடிச்சிருக்காங்க. சொன்ன பேச்சு கேட்ட ஆளுங்க. போதும்."

பஸ் கொஞ்சம் சிரித்தது. மாரிச்சாமி, "கோர்ட்டு கேண்டீன்ல டீ நல்லால்ல" என்றான்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் அவள் சூப்பர்வைசரிடம் பழைய நிரையைக் கேட்டு வாங்கினாள். பனி கலையாத சரிவில் கூடையை மாட்டிக்கொண்டு ராக்கம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் கிள்ளத் தொடங்கினார்கள்.

"கேக்க வந்தியா மதினி?"

"இல்ல."

"கேட்டாச் சொல்லுவேன்."

"கேக்க மாட்டேன்."

"சொல்லட்டுமா?"

"கொழுந்தப் பாத்துக் கிள்ளு, முத்தல் எல வருது."

கேட்கவில்லையே தவிர, அன்று முழுவதும் அவள் கண் தன் செடியில் நிற்கவில்லை. ராக்கம்மா சிரித்தால் ஒரு பார்வை, பேசாமல் இருந்தால் ஒரு பார்வை. சாயங்காலம் எடை போட்டு முடிந்து ராக்கம்மா கையில் சீட்டு வந்தது. அவள் அதை மடிக்கவில்லை. உள்ளங்கையில் விரித்து வைத்து, ஆயம்மாளின் முகத்துக்கு நேராக நீட்டினாள். எங்கள் எஸ்டேட்டில் யாரும் யாருக்கும் செய்யாத காரியம். சுற்றி நின்றவர்கள் தங்கள் சீட்டை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்கள்.

"பாத்துக்க மதினி. இதையாச்சும் பாத்துக்க."

ஆயம்மாளின் கண் சீட்டை நோக்கிப் போனது. பாதி வழியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் நீட்டி, பார்க்காமலே அந்தச் சீட்டைக் குறுக்கே மடித்தாள், மறுபடி மடித்தாள், கட்டை விரலால் அழுத்தி ராக்கம்மாவின் இடுப்பில் செருகினாள்.

"மூடி வை. யாராச்சும் பாத்துருவாங்க."

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். லைனுக்கு ஏறும் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் வருகிற ராக்கம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.